பதினோராவது டேப்

மணி நாலு அஞ்சு. எலும்பு டாக்டர் குணசீலன் அஞ்சு மணிக்குத்தான் வருவாரு, ஆனா பெஞ்செல்லாம் இப்பவே நெறைஞ்சு போச்சு, பதினாறு டோக்கன் குடுத்தாச்சு, முட்டி ஏழு, இடுப்பு நாலு, தோள்பட்டை ரெண்டு, மீதி மூணு பேருக்கு எங்க வலிக்குதுன்னு அவங்களுக்கே தெரியாது, அம்மா உடம்பு பூராங்குறாங்க. கத்தட்டும், இருமட்டும், ஃபேன் ஏன் சுத்தலைன்னு கேக்கட்டும், இன்னைக்கு என்னைய எவன் என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லுவேன், அம்புட்டு நிம்மதி. காலையில பத்தரைக்கே எல்லாத்தையும் ஏத்தி முடிச்சாச்சு. பதினோரு இன்ஜினியரிங் காலேஜ், ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு கவுன்சிலிங் லிஸ்ட் பூட்டிக்கும், அதுக்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது, நாளைக்குக் காலையில எந்தக் காலேஜுன்னு வந்துடும். எதுன்னுதான் எனக்கு இப்பவே தெரியுமே. நம்ம திண்டுக்கல் காலேஜுதான். எம்மக இலக்கியாவோட கட் ஆஃப் நூத்தி எழுபத்தொண்ணு, நம்மூருக்கு நூத்தி அம்பதே தாராளம். மேல வச்ச காலேஜுல இடம் இருந்துச்சுன்னா அதையே குடுத்துருவாங்க, கீழ இருக்கிற பத்தைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. எம்மக முதல்ல வச்சிருக்கிறது நம்மூரை. நான் சொல்லி வைக்கலை, அதுதான் விசயமே, அவளா வச்சிருக்கா. காலையில ஆறரை மணிக்குச் சமையக்கட்டு வாசல்ல உக்காந்துக்கிட்டு எம்போன்ல ஒவ்வொரு காலேஜாத் தொட்டுத் தொட்டுத் திறந்துக்கிட்டு இருந்தா. அவ போன் போன மாசம் தண்ணித்தொட்டியில விழுந்து செத்துப்போச்சு, ரெண்டு பேருக்கும் இது ஒண்ணுதான். நான் காபி டம்ளரோட போய்ப் பக்கத்துல நின்னேன். என்னைய ஒரு பார்வை பாத்தா, இன்னும் ஒண்ணைத் தொட்டா, போனை என் கையில திணிச்சா. தெருமுனையில கபடி டீமு வேன் ஹாரன் அடிக்குது, தேனியில மேட்சு. "அம்மா, எனக்குப் புடிச்ச வரிசையில ஒவ்வொண்ணாத் திறந்து வச்சிருக்கேன், ஒவ்வொண்ணும் ஒரு டேப்பு, காலேஜ் நம்பர் உள்ளயே இருக்கு, அந்த வரிசைப்படியே ஏத்திரு, மாத்திறாத." மாத்திறாதயாம். "வரிசையைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியாடி"ன்னேன். சிரிச்சுக்கிட்டே ஓடுனா, காபியை அப்படியே வச்சுட்டு.

வரிசைன்னா எனக்குத் தெரியாததா. பத்தொன்பது வருசமா இந்த சன்னலுக்குப் பின்னால உக்காந்து டோக்கன் போடுறவ நான், வசந்தாமணின்னு பேரைச் சொல்றதுக்கு முன்னாடி டோக்கனம்மான்னுதான் ஊருக்குத் தெரியும். வெள்ளை வேட்டிக்காரர் ஒருத்தர் ஒரு தடவை நாலு ஆளோட வந்து நின்னாரு, நான் யாருன்னு தெரியுமான்னாரு, தெரியும் சார் இருபத்தி மூணுன்னேன், பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சுட்டுத்தான் போனாரு. முதல்ல வந்தவன் முதல்ல, பின்னால வந்தவன் பின்னால, இதுல என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு. போன்லயும் அதே கதைதான். மேல ஓரத்துல ஒரு குட்டிச் சதுரம், அதுக்குள்ள பன்னெண்டுன்னு நம்பர், அதைத் தொட்டா எல்லா டேப்பும் சின்னச் சின்னக் கட்டமா விரியுது. முதக் கட்டத்துல காலேஜுப் பேரெல்லாம் இருக்கிற லிஸ்ட், அதை ஒட்டித் திண்டுக்கல், அப்புறம் கரூர், மதுரை, திருச்சி, ஈரோடு, சேலம், கோயம்புத்தூர்ல ரெண்டு, வேலூர், கடைசியில சென்னையில ரெண்டு. பாத்ததும் எனக்கு என்ன தோணுச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. அடுப்பை அணைச்சுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். வீட்டுல இருந்து எம்புட்டுத் தூரமோ அம்புட்டுப் பின்னால வச்சிருக்கா எம்மகன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா வாயைத் திறந்தா சென்னை சென்னைன்னுட்டு இருந்தவ, பயோமெடிக்கல்னா அங்கதாம்மா, ஸ்கேன் மெஷினைப் பிரிச்சுப் போட்டுச் சொல்லித் தருவாங்களாம்னு கண்ணை விரிச்சுச் சொன்னவ, கடைசி நேரத்துல அம்மாவை நெனச்சுட்டா. வாயால சொல்லக் கூச்சம், வரிசையில சொல்லிட்டா. நான் உடனே ஒடிசா ரோட்டுல லாரி ஓட்டிக்கிட்டு இருந்த மனுசனைக் கூப்பிட்டு, உங்க மக நம்மூருலயே இருக்கப் போறான்னு சொன்னேன். அப்படியா, சென்னைங்குறாளேன்னாரு. உங்களுக்கென்ன தெரியும், மாசத்துல நாலு நாளு வீட்டுக்கு வர்ற ஆளுன்னேன். சொல்லும்போது சும்மா சொன்னேன், சொன்ன பெறகுதான் அந்த நாலு நாளு மனசுல ஒட்டிக்கிச்சு. மீதி இருபத்தாறு நாளு. அந்த வீட்டுல நான் ஒருத்தி, சோறு ஒரு ஆழாக்கு, டிவிச் சத்தம். சரி அது எதுக்கு இப்ப, அதான் அவ போகலையே.

"இந்தாங்கம்மா, இவரு எப்படி நடுவுல வந்து உக்காரலாம்"னு பன்னெண்டாம் நம்பர் முட்டிக்காரர் எந்திரிச்சு நின்னு சத்தம் போடுறாரு. பாத்தா, ஒன்பதாம் நம்பர் அம்மாவை ஒட்டி ஒரு ஆளு, கையில பைக் சாவி. "யாருங்க நீங்க?" "இவுக வீட்டுக்காரர்ங்க, வண்டி நிறுத்த எடமில்லாம சுத்திட்டு வர்றேன்." முட்டிக்காரருக்கு மூக்குல கோவம், "கடைசியா வந்தவரு கடைசியிலதானே நிக்கணும்"ங்குறாரு. "அண்ணே உக்காருங்க, அவரு தனியா வரலை, கூட வந்தவரு. கூட வந்தவங்க யாரோட வந்தாங்களோ அவங்க பக்கத்துலதான் இருப்பாங்க, எத்தனை மணிக்கு வந்தாலும். தனியா வர்றவங்களுக்குத்தான் கடைசி நம்பர்." பெஞ்சு பூரா தலையாட்டுது. முட்டிக்காரரும் உக்காந்துட்டாரு. நான் சொன்னா ஒரு நியாயம் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். மணி நாலு பதினேழு. நாளைக்கு ரிசல்ட் வந்ததும் காலேஜு பஸ்ஸைப் பாக்கணும், நம்ம நாகல் நகர்ப் பக்கம் வருதா, எத்தனை மணிக்கு வருது. ஏழே முக்காலுக்குன்னா நான் ஆறுக்கெல்லாம் சாப்பாடு கட்டியாகணும், அவளுக்குப் புளிச்சோறுன்னா உயிரு, ஆனா தினமும் புளிச்சோறு குடுத்தா வயிறு என்னாகும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா சப்பாத்தி. அதை நாளைக்கு ஏன் பாக்கணும், இப்பவே பாத்தா என்ன. போனை எடுத்தேன், திண்டுக்கல் காலேஜு டேப்பைத் திறந்தேன், கீழ பஸ் வழித்தடம்னு போட்டிருந்ததைத் தொட்டேன், புதுசா ஒரு பக்கம் வந்துச்சு. நாகல் நகர் இருக்கு. ஏழு நாப்பது. மனசெல்லாம் பஞ்சாட்டம் இருந்துச்சு. இதை அவகிட்டக் காட்டணும், பத்திரமா இருக்கட்டும்னு மேல சதுரத்தைத் தொட்டுப் பாத்தேன், பதிமூணுன்னு ஆயிருந்துச்சு, கடைசியில இருக்கும்னு கீழ தள்ளிப் பாத்தா அங்க இல்லை. கடைசியில எப்பவும் போலச் சென்னைதான் இருக்கு. எங்கடா போச்சுன்னு மேல வந்தா, லிஸ்ட், திண்டுக்கல், அதை ஒட்டி பஸ்ஸு. நடுவுல. கரூரைத் தள்ளிவிட்டுட்டு நடுவுல வந்து உக்காந்திருக்கு.

இதென்ன கூத்து. நான் பக்கம் திறந்தா எப்பவும் கூட்டல் குறியை அழுத்தித்தான் திறப்பேன், அது சமத்தா வரிசையில கடைசியாப் போய் நிக்கும், அதை வச்சுத்தானே நான் நம்புனேன். போனைத் துடைச்சுட்டு, லிஸ்டுக்குப் போய்ச் சும்மா நாமக்கல்ல ஒரு காலேஜைத் தொட்டேன். சதுரத்தைத் திறந்து பாத்தேன். லிஸ்ட், அதை ஒட்டி நாமக்கல், அப்புறம்தான் திண்டுக்கல். மறுபடியும் லிஸ்டுக்கு வந்து சிவகாசியைத் தொட்டேன். லிஸ்ட், சிவகாசி, நாமக்கல், திண்டுக்கல். கடைசியாத் திறந்தது எதுவோ அது லிஸ்டை ஒட்டி வந்து நின்னுக்குது, முன்ன வந்ததெல்லாம் ஒவ்வொரு இடமாத் தள்ளித் தள்ளிப் போகுது. இப்பத்தானே, இந்த வாயாலதானே, முட்டிக்காரருக்குச் சொன்னேன், கூட வந்தவங்க யாரோட வந்தாங்களோ அவங்க பக்கத்துலன்னு. லிஸ்டுதான் தாய், அதுல இருந்து திறந்ததெல்லாம் அதோட கூட வந்தது. கடைசியா வந்தது தாயை ஒட்டி நிக்குது. அப்ப முதமுதல்ல வந்தது? ஆத்தாடி. முதமுதல்ல வந்தது எம்புட்டுத் தூரம் தள்ளிப் போக முடியுமோ அம்புட்டுத் தூரம் போய், கடைசிக் கட்டத்துல நிக்குது. சென்னை. அவ முதல்ல திறந்தது சென்னை. கடைசியாத் திறந்தது நம்மூரு. நான் தலைகீழா ஏத்தி வச்சிருக்கேன். பதினொண்ணாவது ஆசையை முதல் ஆசைன்னு எழுதிக் குடுத்திருக்கேன், பத்தொன்பது வருசம் டோக்கன் போட்ட கையால.

மணி நாலு இருபத்தாறு. இன்னும் முப்பத்தி நாலு நிமிசம் இருக்கு, நல்லா மாத்தலாம். மாத்தலாம்ல. யாரு இல்லைன்னா. பதினெட்டாம் டோக்கன் வாங்க ஒரு அம்மா வந்து நின்னுச்சு, பேரு கேட்டேன், சொல்லுச்சு, மறந்துட்டேன், மறுபடி கேட்டேன். நான் பேரை ரெண்டு தடவை கேக்குற ஆளே இல்லை. எழுதிக் குடுத்துட்டுப் போனைக் கவுத்து வச்சேன். கவுத்து வச்சா என்ன, அது உள்ள ஓடிக்கிட்டுத்தானே இருக்கும் நேரம். இப்ப நான் ஒண்ணும் செய்யலைன்னு வை. சும்மா உக்காந்திருந்தேன்னு வை. அஞ்சு மணி ஆகும், பூட்டிக்கும், நாளைக்கு நம்மூரு காலேஜு வரும். அவ அழுவா. அய்யோ பாப்பா, நீ திறந்து வச்ச வரிசைப்படிதான் ஏத்துனேன், டேப்பு மாறிக்கிடுச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்னு சொல்லிடலாம். பொய்யுமில்லை. பத்தரை மணி வரைக்கும் பொய்யே இல்லை, நாலு பதினேழு வரைக்கும் பொய்யில்லை. ஒம்பது நிமிசந்தான் பொய்யி. யாரு கண்டா. ரெண்டு மாசத்துல எல்லாம் சரியாயிடும், நம்மூரு காலேஜுலயும் பயோமெடிக்கல் இருக்குல்ல, மெஷினு எல்லா ஊருலயும் மெஷினுதான். சாயங்காலம் வீட்டுக்கு வருவா, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஈர் எடும்மான்னு மடியில படுப்பா, இத்தாந்தண்டிப் பொண்ணுக்கு ஈர் எடுக்குற அம்மா ஊருல நான் ஒருத்திதான். அவ போயிட்டா அந்த வீட்டுக்குள்ள நான் எப்படி நுழைவேன். ராத்திரி ஒம்பது மணிக்கு இங்க இருந்து போய்ப் பூட்டைத் திறந்தா உள்ள லைட்டு எரியாது. எனக்குப் பயமா இருக்கு, அதைச் சொல்றதுக்கு என்ன வெக்கம். எவனுக்கும் பயப்படாதவதான், வேட்டிக்காரனுக்குப் பயப்படாதவதான், லைட்டு எரியாத வீட்டுக்குப் பயமா இருக்கு. காலையில எனக்கு ஒரு சந்தேகம்கூட வரலையே, அது ஏன். சென்னை சென்னைன்னு உசிரை விட்டவ திடீர்னு நம்மூரை ஏன் முதல்ல வைக்கிறான்னு ஒரு போன் போட்டு டீமு சாரு நம்பர்ல கேட்டிருக்கலாம்ல. வேற ஒருத்தி பிள்ளைக்கு ஏத்திக் குடுத்திருந்தா ரெண்டு தடவை கேட்டிருப்பேன். கேக்கலை. எனக்கு இனிச்ச வரிசை, அதான் கேக்கலை.

அதோ அந்தத் தூணு. ரெண்டாவது பெஞ்சுக்குப் பக்கத்துல இருக்கிற தூணு, அதைப் பாக்கக் கூடாது பாக்கக் கூடாதுன்னு இருந்தேன், கண்ணு அங்கதான் போகுது. அவளுக்கு ஒம்பது வயசு. ஸ்கூல்ல ஊஞ்சல்ல இருந்து விழுந்து, ஆயாம்மா கூட்டிட்டு வந்துச்சு, மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கிக் கெடக்கு. ரத்தம் இல்லை, மயக்கம் இல்லை, அப்ப டோக்கன்தான். பதினாலு. என் பிள்ளைன்னு உள்ள விட்டா நாளைக்கு எவனை நான் நிறுத்த முடியும்னு நெனச்சேன். அந்தத் தூணுல சாஞ்சுக்கிட்டு, கையைக் கையால தாங்கிக்கிட்டு, ஒண்ணே கால் மணி நேரம் நின்னா. அழுகலை. பக்கத்துல ஒரு அம்மா, ஏம்பாப்பா உங்கம்மாதானே அது, சொல்லி முன்னாடி போகலாம்லன்னு கேட்டதுக்கு, எங்கம்மா வரிசையை மாத்தாதுன்னு சொன்னாளாம். பெருமையாச் சொன்னாளாம். டாக்டரு எக்ஸ்ரேயைப் பாத்துட்டு, எலும்பு விலகிருக்கும்மா, உன் பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு திட்டுனாரு. உள்ளுக்குள்ள எனக்கும் பெருமைதான் அன்னைக்கு. இன்னைக்கு என்னைய நானே திட்டிக்கிறேன். பாவி, அவளுக்கு வலிச்சப்ப மாத்தாத வரிசையை, உனக்கு வலிக்குதுன்னு மாத்தப் போறியா? மாத்தக்கூட வேணாம், கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாலே போதும்ங்குறியா? பதிமூணு பேருக்குப் பின்னால நிறுத்தினே. இப்பப் பத்து காலேஜுக்குப் பின்னால நிறுத்தப் போறே. அவ கையைத் தாங்கிக்கிட்டு நிப்பா, அழுக மாட்டா, எங்கம்மா வரிசையை மாத்தாதுன்னு ஊரெல்லாம் சொல்லுவா.

மணி நாலு முப்பத்தொம்பது. எடுத்தேன் போனை. உள்ள போனா, நேரமாச்சு மறுபடி வாங்கன்னு வெளிய தள்ளிருச்சு, நம்பர் கேட்டுச்சு, ஓடிபி அனுப்பினேன்னுச்சு, வரலை, வரலை, வந்துருச்சு. பதினோரு பேரும் வரிசையா நிக்கிறாங்க. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் மேல ஒரு அம்பு கீழ ஒரு அம்பு, ஒரு தட்டுக்கு ஒரு இடம். திண்டுக்கல்லைக் கீழ தட்டுனேன். கரூருக்குக் கீழ. மதுரைக்குக் கீழ. ஒரு தட்டுக்கு ஒரு ஊரு, பஸ்ஸு ஒவ்வொரு ஸ்டாப்பா விட்டுட்டுப் போறாப்புல. திருச்சி, ஈரோடு, சேலம், கோயம்புத்தூரு, மறுபடியும் கோயம்புத்தூரு, வேலூரு, சென்னை, சென்னை. பத்து தட்டு, நம்மூரு கடைசியில போய் நின்னுருச்சு. அடுத்துக் கரூரு, அதுக்கு ஒம்பது தட்டு. போன் அடிக்குது, டீமு சாரு நம்பரு, அவதான். கட் பண்ணுனேன். இப்ப பேசுனா என் குரலே காட்டிக் குடுத்துரும். மதுரைக்கு எட்டு. "டோக்கனம்மா, டாக்டர் வந்துருவாரா?" வந்துருவாரு உக்காருங்க. திருச்சி ஏழு. அழுத்தினது ஒண்ணு, போனது ரெண்டு, சனியன், மேல ஒண்ணு. ஈரோடு ஆறு. மறுபடி போன் அடிக்குது, மறுபடி கட். சேலம் அஞ்சு. மொத்தம் அம்பத்தஞ்சு தட்டு, மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கேன், விரல் நடுங்கலை, ஆமா, கவனிச்சேன், நடுங்கலை. டோக்கன் எழுதுற விரலு. கோயம்புத்தூரு நாலு, இன்னொரு கோயம்புத்தூரு மூணு, வேலூரு ரெண்டு, அந்த ரெண்டாவது சென்னைக்கு ஒண்ணு. சேமின்னு ஒரு பட்டன். அழுத்தினேன். வட்டம் சுத்துச்சு. மணி நாலு அம்பத்தி மூணு. அது சுத்திக்கிட்டே இருக்கு, பெஞ்சுல ஒருத்தரு கொட்டாவி விட்டது காதுல விழுந்துச்சு. சேமிக்கப்பட்டதுன்னு பச்சையில வந்துச்சு. நம்பாம வெளிய போய் மறுபடி உள்ள வந்து பாத்தேன். ஒண்ணாம் நம்பர் சென்னை, டேப்புல படத்துல பாத்த செங்கல் கட்டடம், அவ ஸ்கேன் மெஷினைப் பிரிக்கப் போற எடம். கெடைக்குமோ கெடைக்காதோ, நூத்தி எழுபத்தொண்ணுக்கு அது பெரிய ஆசைதான், ஆனா ஆசை நிக்க வேண்டிய எடத்துல நிக்குது. இப்ப என்னைய எவனும் ஒண்ணும் கேக்க முடியாது.

நானே கூப்பிட்டேன். சாரு எடுத்து அவகிட்டக் குடுத்தாரு. "ஏம்மா ரெண்டு தடவை கட் பண்ணே, நான் பயந்தே போயிட்டேன்." "டோக்கன் குடுத்துக்கிட்டு இருந்தேன்டி. ஜெயிச்சீங்களா?" "செமியில தோத்துட்டோம், ரெண்டே பாயிண்டு. அதை விடு. ஏத்திட்டியா? சென்னைதானே முதல்ல?" "சென்னைதான் முதல்ல." அவ மூச்சு விட்டது இங்க எனக்குக் கேட்டுச்சு, அம்புட்டு நேரமும் அடக்கி வச்சிருந்திருக்கா. அந்த மூச்சையா நான் அஞ்சு மணிக்குப் பூட்டப் பாத்தேன். "நம்மூரு எத்தனாவதும்மா?" "பதினொண்ணு. நீ திறந்த வரிசைப்படி." பின்னால பிள்ளைக கத்துற சத்தம், யாரோ விசில் ஊதுறாங்க. அப்புறம் மெதுவாக் கேட்டா, "நம்மூரைக் கடைசியில வச்சுட்டேன்னு வருத்தமாம்மா?" "எனக்கென்னடி வருத்தம்." "இல்லம்மா, உண்மையைச் சொல்லிடறேன், திட்டாத. நான் பத்தோட நிறுத்திட்டேன். நம்மூரை வைக்கவே இல்லை. நீ காபியோட வந்து பக்கத்துல நின்னியா, உம்மூஞ்சியப் பாத்தேன். அதான் அதையும் ஒண்ணு திறந்து வச்சேன். உனக்காக. வேணாம்னா எடுத்துரும்மா, இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குல்ல." வாசல்ல டாக்டரு காரு வந்து நிக்குது, பெஞ்செல்லாம் எந்திரிச்சு, எல்லாரும் என்னையவே பாக்குறாங்க. என் மூஞ்சி எப்படி இருந்துச்சோ அந்தக் காலை நேரத்துல, ஒரு பிள்ளைக்குப் பதினொண்ணாவதா ஒரு ஊரைத் திறக்க வச்ச மூஞ்சி. "இருக்கட்டும்டி"ன்னேன், "அது பாட்டுக்குக் கடைசியில நிக்கட்டும், எடுக்க வேணாம்." போனை வச்சுட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டு, சன்னலுக்கு வெளிய தலையை நீட்டி, எப்பவும் போலச் சத்தமாத்தான் கூப்பிட்டேன். "டோக்கன் ஒண்ணு, உள்ள போங்க."